முன்னால் இழுத்த சீட்

பாடம் முடிந்து மாணவர் இறங்கியதும் மாஸ்டரும் இறங்குவார். காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு வருவார். கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடியை ஒரு கையால் தூக்கி, மறு கையால் சீட்டை முன்னால் இழுப்பார். 'டக்' என்று சத்தம் கேட்கும். அதற்கு மேல் போகாது என்று தெரிந்தும் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் கதவைச் சாத்திவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்குப் போன் போடுவார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாற்பதை நெருங்கும் பெண். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். யாராவது மரியாதையாக "மாஸ்டரம்மா" என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். "மாஸ்டர்னா மாஸ்டர். அம்மா சேத்தா கிளட்ச் சுலபமா வந்துடுமா?" என்பார்.

நான் அவருடைய வக்கீல். அவரிடம் கார் கற்றுக்கொள்ளும் மாணவியும்கூட. கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். மாஸ்டர் இதைப் படிப்பார் என்பதால் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றே எழுதுகிறேன். காலையில் முதல் பாடம் எனக்கு. நான் குள்ளம். கோர்ட்டில் எழுந்து நின்றாலும், "எழுந்து பேசுங்கள்" என்று நீதிபதிகள் சொன்னதுண்டு. ஆனால் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தால் கால் கச்சிதமாக எட்டும். எனக்காகத்தான் முந்தின நாள் சாயங்காலமே சீட்டை முன்னால் இழுத்து வைக்கிறார் என்று நினைத்து, இப்படியும் ஒரு மனுஷியா என்று ரொம்ப நாள் உருகிப்போய்க் கிடந்தேன்.

கார் சின்னது, வெள்ளை. கூரை மேல் ஒரு பலகை. உடம்பெல்லாம் நசுங்கல். ஒவ்வொரு நசுங்கலுக்கும் மாஸ்டரிடம் ஒரு பேர் உண்டு. முன் விளக்குக்குக் கீழே இருப்பது பல் டாக்டர். பின் கதவில் இருப்பது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பின் பம்பரில் இருக்கும் நீளமான கீறல் நான். எதையும் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய மாட்டார். "இருக்கட்டும் மேடம். புதுசா வர்றவங்க இதப் பாத்தாதான், நமக்கு முன்னாடியே நாலு பேர் இடிச்சிருக்காங்கன்னு தைரியம் வரும்."

பக்கத்து சீட்டில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் எப்போதும் வலது கால் இருக்கும். ஷூ வாங்கினால் வலது காலின் அடிப்பாகம்தான் முதலில் தேயும்; இடது கால் ஷூ கடையில் வாங்கியது போலவே புதுசாக இருக்கும். பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் அந்தக் கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே வரும். முதல்முதலாக என் அலுவலகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கிய அன்று, நான் உற்சாகத்தில், "கவலைப்படாதீங்க, சீக்கிரமே முடிச்சிடலாம்" என்றேன். மேஜைக்கு அடியில் ஷூ தரையை ஓங்கி அழுத்தும் சத்தம் கேட்டது. எனக்கு வேகம் குறைந்துவிட்டது.

பாடத்தின்போது கத்தமாட்டார். சாலையில் குறுக்கே வருகிறவர்களைத் திட்டவும் மாட்டார். கண்ணாடிக்கு உள்ளேயிருந்தபடி உறவு கொண்டாடுவார். "வாங்க பெரியம்மா, மெதுவா வாங்க, ரோடு உங்களுதுதான்." "தம்பி, போன்ல அவ சரின்னு சொல்லிட்டாளா? சொல்லிட்டா ஓரமா போய்ப் பேசுப்பா." மாணவருக்குக் கை நடுங்கினால் இஞ்சி மிட்டாய் ஒன்றை நீட்டுவார். கிளட்சை நான் படாரென்று விடும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "சண்ட போட்டுட்டுக் கதவ சாத்துற மாதிரி விடாதீங்க மேடம். தூங்குற குழந்தை கைலேர்ந்து நம்ம வெரல உருவுற மாதிரி விடுங்க." அவருக்குக் குழந்தை இல்லை. அப்படி ஒரு விரலை உருவிக்கொள்ளும் பாக்கியம் எங்கே கிடைத்ததோ, நான் கேட்டதில்லை.

அவருக்குக் காலையிலிருந்து இருட்டும்வரை பாடம். எனக்குப் பகலெல்லாம் கோர்ட். வழக்கைப் பற்றிப் பேச நேரமே அமையவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு. நான் ஓட்டக் கற்றுக்கொள்வது, போகிற வழியில் வழக்கைப் பேசிக்கொள்வது. வண்டி ஓடும்போது பேசக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். சிவப்பு விளக்கு விழுந்தால் பேசலாம். பச்சை விழுந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆக, ஒரு பெண்ணின் கல்யாண வாழ்க்கை முழுவதையும் நான் சிக்னல் சிக்னலாகத் தெரிந்துகொண்டேன். முக்கியமான இடத்துக்கு வரும்போது பாழாய்ப்போன பச்சை விழுந்துவிடும். "அப்புறம்?" என்று கேட்டால், "மொதல்ல கியர் போடுங்க" என்பார்.

கணவர் பெரிய மின்சாதனக் கடையில் மேற்பார்வையாளர். அழகாக உடுத்துவார். குரல் உயராது. கை ஓங்கியதில்லை, குடிப்பதில்லை. ஊர் கண்ணுக்குக் குறையே இல்லாத மனிதர். வழக்கு நடத்துகிற எனக்குத்தான் அது பெரிய குறை. "அப்ப என்னதான் பிரச்னை?" என்று நானே எரிச்சலோடு கேட்டுவிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல நேரம், சரக்கு ரயில்.

"சாயங்காலம் வண்டிய கொண்டுவந்து வீட்டு வாசல்ல நிறுத்துவேன் மேடம். நான் குளிக்கப் போனதும் இவர் கீழ எறங்கிப் போவார். செல்போன்ல லைட் போட்டு டிரைவர் சீட்ட பாப்பார். சீட்டு எவ்ளோ பின்னாடி போயிருக்குன்னு. பின்னாடி போயிருந்தா கத்துக்க வந்தவன் உயரமான ஆளு. உயரமான ஆளுன்னா ஆம்பள. மேல வந்து சிரிச்சிட்டே கேப்பார், 'இன்னைக்குக் கடைசிப் பாடம் யாருக்கு? நல்ல வளத்தியா இருப்பார் போல.' சொன்னா, பேர் என்னன்னு கேப்பார். பேர் சொன்னா, பேரெல்லாம் தெரியுதேம்பார். அப்புறம் ரெண்டு நாள் பேச மாட்டார். சாப்பிட மாட்டார். தட்டு முன்னாடி உக்காந்து என்னையே பாத்துட்டிருப்பார்."

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"அதான் முன்னாடி இழுத்து வச்சிடுவேன். தெனமும். மழைல நனைஞ்சிட்டே இழுத்திருக்கேன். ஒரு நாள் மறந்துட்டா அன்னைக்கு வீடு வீடா இருக்காது. பிரிஞ்சு வந்து இவ்ளோ நாளாச்சு, இப்ப எட்டிப் பாக்க ஆளே இல்ல. கை கேக்க மாட்டேங்குது."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. எனக்குக் கியர் விழவில்லை. இத்தனை நாள் எனக்காகச் செய்கிறார் என்று நான் உருகிக்கொண்டிருந்த காரியம் இதுதான் என்று நெஞ்சில் உறைக்க, வண்டியை இரண்டு தரம் அணைத்துவிட்டேன். மாஸ்டர் இஞ்சி மிட்டாயை நீட்டினார்.

அந்த வீட்டிலிருந்து ஒரு பையோடு மாஸ்டர் வெளியே வந்தபோது, அவருக்குப் பின்னாலேயே இன்னொரு பையோடு இறங்கி வந்தவர் மாமனார். துணிக்கடையில் காலமெல்லாம் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகுநாளாகிறது. ஆறடிக்கு மேல் உயரம்; ஒரு முழங்கால் மடங்காது. எதைக் கண்டாலும் கை தானாக மடிக்கத் தொடங்கிவிடும். என் அலுவலகத்தில் காத்திருந்த அரை மணியில் பழைய செய்தித்தாள்களையெல்லாம் மடித்து, என் கருப்பு அங்கியையும் கடையில் கொடுப்பது போல மடித்து, மேலே தட்டி வைத்துவிட்டுப் போனார். அதைப் பிரித்து உடுத்தவே எனக்கு மனசு வரவில்லை.

மகனை விட்டு மருமகளோடு ஏன் வந்தார் என்பதையும் ஒரு சிக்னலில்தான் கேட்டேன். ஒரு நாள் சீட்டை இழுக்க மறந்து மாடி ஏறிவிட்டாராம் மாஸ்டர். நினைவு வந்து அடித்துப் பிடித்துக் கீழே ஓடினால், மாமனார் காரின் கதவைத் திறந்து, மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு, ஒற்றை முட்டி போட்டு, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார். மருமகளைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லம்மா, பேப்பர் இங்க விட்டுட்டேனான்னு பாத்தேன்" என்றாராம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எத்தனை நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தாரோ.

விவாகரத்து மனு போட்டோம். கணவர் எதிர் மனு போட்டார். விவாகரத்து தரக் கூடாது, மனைவி தன்னோடு வந்து சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று. அவருக்கு வாய்த்த வக்கீல் கெட்டிக்காரர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு கனைப்புக் கனைப்பதால், கோர்ட் வட்டாரத்தில் அவருக்குக் கனைப்பு வக்கீல் என்றே பேர். எங்கள் பக்கத்தின் ஓட்டையை அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். கணவன் வேண்டாம் என்கிற பெண், கணவனின் அப்பாவை வீட்டில் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். அப்படியென்றால் பந்தம் எங்கே அறுந்தது? இது கோபத்தில் வீட்டை விட்டு வந்த கதை. ஆற விட்டால் சேர்ந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவர் வாதம். சொல்லப்போனால் நல்ல வாதம். அந்தப் பக்கம் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாஸ்டரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"மாமனாருக்குச் சாப்பாடு யார் போடறது?"

"நான்தான்."

"மருந்து மாத்திரை?"

"நான்தான்."

கனைப்பு. "அப்ப புருஷன் குடும்பத்து மேல பாசம் இருக்கு."

"மாமா மேல இருக்கு."

"சரி. உங்க புருஷன் உங்கள அடிச்சாரா?"

"இல்ல."

"திட்டினாரா?"

"இல்ல."

பெரிய கனைப்பு. "சீட்டு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு எட்டிப் பாத்தார். அதுவும் நீங்க சொல்றதுதான், பாத்த சாட்சி கிடையாது. அதுக்காக விவாகரத்து. அப்படித்தானே?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி அம்மாள் கண்டிப்பானவர். அவரே உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்தேன். சிரிப்பு வரத்தான் செய்யும். சொல்லிக் கேட்டால் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது! கூண்டுக்குள் மாஸ்டரின் வலது கால் மரப்பலகையை அழுத்திக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை. கடைசியில் நீதிபதி, "சின்னச் சின்ன விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளாமல் இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லி வாய்தா கொடுத்தார்.

இப்படியே போனால் தோற்போம். தோற்றால், செல்போன் வெளிச்சத்தோடு கீழே இறங்கும் மனிதர் இருக்கும் வீட்டுக்கே இவர் திரும்ப வேண்டும். மறுநாள் சிக்னலில் இரண்டு யோசனை சொன்னேன். ஒன்று, தீர்ப்பு வரும்வரை பெரியவரை வேறு உறவுக்காரர் வீட்டில் விட்டுவைப்பது. இல்லாவிட்டால், சீட்டைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரைச் சாட்சியாகக் கூப்பிடுவது.

மாஸ்டர் பிரேக்கை அழுத்தினார். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

"மாமா என்ன ஃபைலா மேடம், அந்த அலமாரில வை, இந்த அலமாரில வைன்னு சொல்றதுக்கு? என்னை நம்பிப் பைய தூக்கிட்டு வந்தவர்."

"சரி, சாட்சி?"

"பெத்த புள்ளைக்கு எதிரா அப்பன கூண்டுல ஏத்தச் சொல்றீங்களா? அதுக்கு நான் அந்த வீட்டுக்கே போயிடுவேன். இன்னும் எத்தன வருஷம் வேணாலும் சீட்ட இழுத்துட்டுப் போறேன்."

பச்சை விழுந்தது. நான் கியர் போட்டேன். முதன்முறையாக வண்டி குலுங்காமல் கிளம்பியது. மாஸ்டர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இந்தக் காலத்தில்தான் பெரியவர் இன்னொரு காரியத்தில் இறங்கியிருந்தார். மருமகளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழகுநர் உரிமம் எடுத்து, காலையில் காலி மைதானத்தில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தார். "வீட்ல சும்மா எவ்ளோ நேரம்மா துணி மடிக்கிறது?" என்பது அவர் சொன்ன காரணம். மாஸ்டரிடம் படித்தவர்களிலேயே மோசமான மாணவர் அவர்தான் என்ற செய்தி என் காதில் தேன் வார்த்தது. அதுவரை அந்த இடம் என்னுடையது. "மாமா ஓட்டினா எனக்குப் பிரேக்கே வேணாம் மேடம். தும்பி பறந்தாக்கூட வண்டிய நிறுத்திடுவார்."

கணவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வந்தது. மாஸ்டர் காரிலேயே கோர்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பார்த்தால் ஓட்டுகிற இடத்தில் பெரியவர். சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளி, மடங்காத காலைப் பாங்காக வைத்து, சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "மருமக கேஸுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றார். பின் சீட்டில் வழக்குக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நான் சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். நடந்து போயிருந்தால் முன்னதாகப் போயிருக்கலாம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கோர்ட் வளாகத்துக்குள் நுழைந்து கோணலாக நிறுத்தியபோது, எங்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிடும் நேரம் நெருங்கிவிட்டது.

மாஸ்டர் இறங்கி, வழக்கம்போல வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வாங்க!" படி ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சீட்ட இழுக்காம வந்துட்டேன் மேடம்." அடுப்பை அணைக்காமல் வந்தவள் முகம் போல இருந்தது.

எதிர்த்தரப்பு இன்னும் வரவில்லை என்று வழக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஜன்னலருகே நின்றேன். கீழே கணவர் வந்துகொண்டிருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. வாசலை நோக்கி நடந்தவர், எங்கள் காரைப் பார்த்ததும் நின்றார். அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு, நான் கண்ணால் கண்டேன், ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னலில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து, குனிந்து உள்ளே பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. வெயிலில் அப்படிக் குனிந்து நின்ற மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் கையும் கேட்க மாட்டேன் என்கிறது போலும்.

கணவர் கூண்டில் ஏறி நின்று, சீட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை, எல்லாம் மனைவியின் கற்பனை என்று அமைதியாகச் சொன்னார். என் முறை வந்தது.

"இன்னைக்கு உங்க மனைவி எதுல வந்தாங்கன்னு தெரியுமா?"

"அவளோட கார்ல."

"அவங்களே ஓட்டிட்டு வந்தாங்களா?"

கனைப்பு வக்கீல் கனைத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் பதில் முந்திக்கொண்டது.

"அவ ஓட்டல. எவனோ நல்ல உயரமானவன் ஓட்டியிருக்கான். சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி போயிருக்கு."

நீதிபதியின் பேனா நின்றது. கனைப்பு வக்கீல் எழுந்த வாக்கில் நின்றார். அவர் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. அன்று சிரித்தவர்களில் ஒருவரும் இன்று சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது கணவர் காதிலேயே விழுந்தது. கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். அற்பமாகத் தெரிந்த விஷயம், அதைச் செய்கிறவர் வாயால் வந்ததும், எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பின் வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம். பெரியவர் எழுந்துகொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் மாஸ்டரின் ஷூ தரையை ஓங்கி அழுத்தியது. தும்பிக்கெல்லாம் நிற்கும் மனிதர் இந்தப் பிரேக்குக்கு நிற்கவில்லை. மடங்காத காலை ஊன்றி, ஆறடிக்கு மேல் முழுசாக எழுந்து நின்றார்.

"எவனோ இல்லடா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். சாட்சி அல்லாதவர் பேசியது கோர்ட் குறிப்பில் ஏறாது, ஏறவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று கைகூப்பிவிட்டுப் பெரியவர் உட்கார்ந்தார். கணவர் மட்டும் அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றார். "அப்பா" என்று சொல்ல வாய் அசைந்தது.

கோர்ட் கலைந்த பிறகு வெளிப்படிக்கட்டில் கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பெரியவர் போய்ப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மகன் கையில் கசங்கிக் கிடந்த ஈரக் கைக்குட்டையை வாங்கினார். முழங்காலில் வைத்து நீவினார். நாலாக மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, அவன் சட்டைப் பையில் வைத்துத் தட்டினார். மாஸ்டர் காருக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கும்தான். "தூசு" என்றார்.

அடுத்த வாய்தாவில் கணவர் எதிர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கனைப்பு வக்கீல் நீதிபதியிடம் அதைச் சொன்னபோது கனைக்கவே இல்லை. வராந்தாவில் கணவர் எங்களிடம் வந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல், ஷூவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்பாவ பாக்க வரலாமா?"

"எப்ப வேணாலும் வாங்க" என்றார் மாஸ்டர். பிறகு, குரலை உயர்த்தாமல், "வண்டி நிக்கிற பக்கமா வராதீங்க. முன்வாசல் வழியா வாங்க" என்றார்.

கணவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் வெட்கம் இருந்தது. பொய் இல்லை என்று எனக்குப் பட்டது.

தீர்ப்பு வந்த அன்று, விவாகரத்து வழங்கப்பட்டது என்று நீதிபதி படித்து முடித்ததும், மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வரேன் மேடம். ஒருத்தருக்கு ரிவர்ஸ் சொல்லித் தரணும். பாவம், காத்துட்டிருப்பார்." அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நான்தான் ஒரு கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கோர்ட் வாசலில் நின்றேன். அன்று சாயங்காலம் கடைசிப் பாடம் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா, விழுந்தேனா தெரியவில்லை. முதுகு எங்கேயோ போய்ச் சாய்ந்தது. கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிக்கக் கடையில் உயர அலமாரியிலிருந்து சாமான் எடுப்பது போல நீள வேண்டியிருந்தது.

"மாஸ்டர், சீட்..."

"ம்ம்" என்றார் மாஸ்டர். "எட்டலன்னா இழுத்துக்கோங்க மேடம். கீழ ஒரு பிடி இருக்கும்."

இத்தனை மாதமாக அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினேன். தூசியும் ஒரு மிட்டாய்த் தாளும் கிடைத்தன. மாஸ்டர் இறங்கிச் சுற்றி வரவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. இஞ்சி மிட்டாய் ஒன்றைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நேரே சாலையைப் பார்த்தபடி, நான் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தார்.